கோபுரத்துக்குப் பின்னால் இருந்த கல்லறை

14-11-1963, வியாழன்
திண்டுக்கல்

நாளை காலை அவரோடு தீவுக்குக் குடிபோக வேண்டும். அங்கே கலங்கரை விளக்கத்தில் என் கணவருக்கு வேலை. போன மாதம் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். வெள்ளைக்காரன் கட்டிய கதையையும், அந்த வெளிச்சத்தால் தப்பிய கப்பல்களின் கதையையும் படியேறும்போதே பெருமையாகச் சொன்னார். விளக்குக் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த, முழ நீளக் கல்லறையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தோணிக்காரரிடம் கேட்டேன்.

"முன்ன இருந்த விளக்குக்காரர் பிள்ளைம்மா. காய்ச்சல். பதினோரு நாளா கடல் அடங்கலை, தோணி போக முடியலை."

எனக்கு இது நான்காம் மாதம்.

இன்று சாயங்காலம் பெட்டி கட்டும்போது சொல்லிவிட்டேன். "நான் வரலைங்க. அந்தக் கல்லறையப் பாத்ததுல இருந்து உடம்பெல்லாம் நடுங்குது."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சொன்னா வரமாட்டியேன்னுதான் மறைச்சேன் புள்ள. அங்க ரெண்டே பேரு. ஒருத்தன் தூங்கினா ஒருத்தன் முழிச்சிருக்கணும், பேச்சே கிடையாது. போன மழையில மேல நின்னு கீழயே பாத்துக்கிட்டு இருந்தேன். எம்புட்டு நேரம்னு தெரியலை. கூட இருக்கிற ஆளு வந்து கையப் பிடிச்சு உள்ள இழுத்தாரு."

பிறகு என் புடவைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். "நீ வர வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மறைத்தாரே என்று வந்த கோபம் அப்போதே போய்விட்டது. இப்போது பக்கத்தில் தூங்குகிறார். நான் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு ரயில். நானும் போகமாட்டேன், அவரையும் போகவிடமாட்டேன். என்ன சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.