ஜாடிக்குள்ள ஒரு பல்பு

கயத்தாறு
4.6.2025

ஏலே கணேசா,

சுகமான்னு கேட்டு எழுத மனசு இல்ல. போன்ல பேசினா "மீட்டிங்ல இருக்கேன்க்கா"ம்ப. அதான் உன் நம்பரையே பிளாக் பண்ணிட்டேன். எதுனாலும் இனி தபால்ல எழுது.

நேத்து ரம்யா, "மாமா வீட்டு வீடியோ யூடியூப்ல வந்திருக்கும்மா"ன்னு போனைக் கொண்டாந்தா. பாத்தேன். ஹால் சுவர் பூரா தட்டு அடிச்சு, பழைய பீங்கான் ஜாடியா அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் லைட்டு. நீ வெள்ளைச் சட்டை போட்டு விளக்கம் சொல்லிக்கிட்டே வார. நடுத்தட்டுல நம்ம அம்மாவோட ஊறுகா ஜாடி. அது வாய்க்குள்ள பல்பு எரியுது.

பல்பு எரியணும்னா ஜாடி காலியா இருக்கணும். உள்ள இருந்த நார்த்தங்கா எங்கலே?

ரம்யா கல்யாணத்து முதப் பந்திக்குன்னு அம்மா சாகுததுக்கு முந்தின வருஷம் போட்டு வச்சது அது. பதினாறாம் நாள் காரியம் முடிச்சு அம்மா இருந்த உடன்குடி வீட்டைப் பூட்டும்போது, பஸ்ல கொண்டு போனா உடைஞ்சிரும்னு உன் கார்ல ஏத்தினோம். "கல்யாணம் வரைக்கும் என் பொறுப்புக்கா"ன்ன. இந்தா ஆவணியில கல்யாணம். பதில் எழுது.

வடிவு


தூத்துக்குடி
11.6.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

அத்தான், ரம்யா எல்லாரும் சௌக்கியமா? இங்க பேச்சிச்செல்வியும் பிள்ளைகளும் சௌக்கியம். ஹார்பர்ல ரெண்டு கப்பல் ஒண்ணா வந்து நிக்கு. ஆபீஸ்ல மூச்சு விட நேரமில்ல. அதான் பதில் லேட்டு.

கோவப்படாத. அம்மா ஜாடியை நான் எவ்வளவு மரியாதையா வச்சிருக்கேன்னு நீ பாக்கலையா? என்கிட்ட இருக்கதுலயே அதான் ஒஸ்தி. ஆலந்தலையில ஜேசுபாதம் அண்ணாச்சி வீட்டுல வாங்கின சீன ஜாடி, கொழும்புல இருந்து தோணியில வந்த உப்பு ஜாடி, எல்லாம் அதுக்கு ரெண்டு பக்கமும்தான் நிக்கு. வாரவங்க எல்லார்கிட்டயும் "இது எங்க அம்மாவோடது"ன்னு பெருமையாத்தான் சொல்லுதேன்.

ஊறுகா கறுத்துப் போச்சுக்கா. ஹால் பூரா வாசம் அடிக்குன்னு, தட்டும் லைட்டும் வச்சுக் கொடுத்த டிசைனர் சொன்னாரு. பழசு, வயித்துக்கு ஆகாதுன்னு எடுத்துப் போட்டுட்டோம். அதுக்கென்ன, கல்யாணத்துக்கு வேணும்ங்கிற ஊறுகாயை நானே பெரிய கடையில சொல்லி இறக்கிருதேன். நீ கவலையை விடு.

அன்புத் தம்பி
ஜெயகணேஷ்


கயத்தாறு
16.6.2025

கணேசா,

எடுத்துப் போட்டுட்டியா? எங்க போட்ட? மக்கும் குப்பை வாளியிலயா?

நார்த்தங்கா கறுத்தாத்தானலே அது ஊறுகா. சின்னப்பிள்ளையில காய்ச்சல் வந்து, கஞ்சி இறங்காம நீ சுருண்டு கிடந்தப்போ, உன் நாக்குல அம்மா எதைத் தடவினா? கறுத்ததைத்தானே? அப்போ உன் வயித்துக்கு ஆச்சு, இப்போ ஆகலையோ?

கடையில சொல்லி இறக்குதானாம், கடையில! உங்க அத்தான் பலசரக்குக் கடைதான வச்சிருக்காரு. பாட்டில் ஊறுகா அங்கன வரிசையா நிக்கு. ஊறுகாய்க்கு வழி இல்லாமலா உனக்கு எழுதினேன்? வெக்கங்கெட்டவனே.

தோள்பட்டை வலியில அம்மாவுக்குக் கையே தூக்க முடியல. அப்படியும் உக்காந்து நறுக்கி, வெயில்ல காயவச்சு எடுத்தா. "பேத்தி பந்தியில நான் இருப்பனோ என்னவோ, இது இருக்கும்"ன்னா. நீயும் அங்கனதான் நின்ன. ஆளைத் தூக்கிப் போட்டுட்டு அவ சேலையைச் சுவர்ல மாட்டி லைட்டு அடிச்ச மாதிரி இருக்கு நீ செஞ்சது.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. ரம்யாவைக் கைபிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வார தாய்மாமன் நீ இல்ல. நம்ம சின்னையா மகன் வேல்ராஜ்கிட்ட சொல்லிட்டேன், அவன் வந்து நிப்பான். நீ உன் ஜாடிக்குக் காவல் இரு.

வடிவு


தூத்துக்குடி
20.6.2025

அக்கா,

வேல்ராஜா? நான் உசுரோட இருக்கும்போது வேல்ராஜா? காது குத்தும்போது ரம்யாவை மடியில வச்சிருந்தது யாரு? அவ அழுது என் சட்டை பூரா ஈரமாச்சு, நினைவிருக்கா? என்னை என்ன வேணும்னாலும் ஏசு. அந்த உரிமையில கை வச்சா எனக்கும் கோவம் வரும்க்கா.

டிசைனர் சொன்னாருன்னு எழுதினேன். சொன்னது அவரு, உள்ள கையை விட்டு அள்ளினது நான். அள்ளும்போது ஒரு துண்டை வாயில போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. வீடியோக்காரங்க வாசல்ல வந்து நின்னுட்டாங்க. அள்ளிட்டேன்.

சோப்புத்தூள் போட்டு எத்தனையோ தரம் கழுவியாச்சு. பல்பு சூடானா நார்த்தங்கா வாசம் எழும்புது. பேச்சிச்செல்வி ஸ்ப்ரே அடிச்சுப் பாத்தா, போக மாட்டேங்கு. என் வீட்டு ஹால்ல என்னால உக்கார முடியல.

ஜாடியை நானே கொண்டாந்து தாரேன். வேற என்ன செய்யணும்னாலும் சொல்லு. என் இடத்துல இன்னொருத்தனை மட்டும் நிப்பாட்டாத.

கணேசன்


கயத்தாறு
27.6.2025

ஏலே கணேசா,

"நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதும்தான் எனக்கு அழுகை வந்துச்சு. அதுக்காகக் கோவம் போயிட்டுன்னு நினைச்சிராத. நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் அள்ளியிருக்க பாத்தியா, அதை நான் சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஜாடி எனக்கு வேண்டாம். காலி ஜாடியை வச்சு என்ன செய்ய? நீயே வச்சுக்கோ.

வேல்ராஜ்கிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. "எங்க மாமா வராம நான் மேடை ஏற மாட்டேன்"னு உன் மருமவ ஒத்தக்கால்ல நிக்கா. அவளுக்காகத்தான், உனக்காக இல்ல.

ஆனா முதப் பந்தியில பாட்டில் ஊறுகா வைக்க விடமாட்டேன். சமையக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். இலையில ஊறுகா வைக்கிற இடம் சும்மா கிடக்கும். நம்ம சொந்தக்காரங்க வாயை மூடிக்கிட்டா இருப்பாங்க? அம்மா போட்டு வச்சது அத்தனை பேருக்கும் தெரியும். "ஏளா வடிவு, நார்த்தங்கா எங்க?"ன்னு கேப்பாங்க. நான் உன்னைக் கைகாட்டுவேன். தாய்மாமன் மாலையும் பட்டுவேட்டியுமா நீ பந்தியில வந்து நின்னு, அது எங்க போச்சுன்னு உன் வாயால சொல்லணும். டிசைனர், வயித்துக்கு ஆகாது, அந்தக் கதையெல்லாம் கூடாது.

சம்மதம்னா பேச்சிச்செல்வியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு முந்தின நாளே வந்துரு. யார் என்ன ஏசினாலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நில்லு. நான் உன் பக்கத்துலதான் நிப்பேன்.

அக்கா
வடிவு