சேலையில் ஏறிய குகை

இயேசு மரி சூசை துணை

ஆரணி
14-8-1986

அன்பு மகள் சூசைமேரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் அண்ணன் யோவானும் இங்கே சுகம், அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, தறியில் ஏற்றும் பாவு நூல் காயவில்லையென்று யோவான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், வேறு குறையில்லை.

உன் கடிதம் வந்தது. உங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் விளையாட்டில் மூன்றாம் பாகம் வருகிறது, வாளெடுத்தவன் பூதங்களை வென்று இறங்கும் கடைசிக் குகை உன் பொறுப்பு, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதை வரைந்த கிராப் தாளை இங்கேயே விட்டுவிட்டாய், செப்டம்பர் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் வேலையை வேறொருவருக்குத் தந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தத் தாளை நாங்கள் நெய்துவிட்டோம் மகளே.

சேலை டிசைன் தாள் வைக்கும் பெட்டியில் நீ அதைக் கொண்டுபோய் வைத்தால் யார் என்ன செய்வது? டிசைன் போடும் பச்சையப்பன் நான் வரைந்தது என்று நினைத்தார், நான் அவர் வரைந்தது என்று நினைத்தேன், இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம். தறியில் மாட்டும் அட்டைகளில் அதை ஓட்டை ஓட்டையாகக் குத்தி, முந்தானையில் ஏற்றி, கோட்டை டிசைன் என்று பேரும் வைத்து இரண்டு சேலை நெய்தோம், வந்தவாசிக் கல்யாண வீட்டார் ஆசையாக வாங்கிப் போய்விட்டார்கள். தாள் அடுப்புக்குப் போயிற்று. நல்லவேளை, அட்டைகள் பரணில் இருந்தன. ஓர் அட்டைக்கு ஒரு வரி, ஓட்டை விழுந்த இடமெல்லாம் நீ கறுப்படித்த கட்டம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று நாளில் புதுத் தாளில் முழுவதும் வரைந்துவிட்டேன். படித்த பெண் விளையாட்டு செய்கிறாள் என்று வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு கட்டம் தவறினாலும் வழி அடைத்துக்கொள்கிறது, எத்தனை பாடு பட்டிருக்கிறாய். இனி யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்வேன்.

குகையின் கடைசி அறைகளைப் போடும்போது கை நின்றுவிட்டது. கிழக்கே வாசல், இடப்பக்கம் தறிக்குழி, பின்னால் சமையலறை, கிணற்றுக்குப் போகும் வழி. நம் வீடு. பிறகு பச்சையப்பனைக் கூப்பிட்டு, குத்தும்போது எதையாவது மாற்றினீரா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். “சொவத்தோரமா ஒரு புள்ளி ஒண்டியா நின்னுகினு இருந்திச்சிங்க, மை சிந்திகினு கீதுன்னு எடுத்துட்டேன்” என்றார். எங்கே என்றேன். விரல் வைத்துக் காட்டினார். சமையலறைக்கு வெளியே, உன் அம்மா உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றும் இடம். அவள் நம்மை விட்டுப் போனபோது உன்னால் வர முடியவில்லை, அதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதினதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று கொஞ்சம் அழுதேன். புள்ளியை நானே பேனாவால் வைத்தேன், சற்றுப் பெரிதாகிவிட்டது.

தாளை ரிஜிஸ்டர் தபாலில் இதோடு அனுப்புகிறேன். குளிரில் தலை நனைக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. தேவமாதா உங்கள் இருவருக்கும் துணையிருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கேயும் யாராவது மை என்று நினைத்து அந்தப் புள்ளியை எடுக்கப் பார்ப்பார்கள், விட்டுவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. பெரியநாயகம்