சுக்கான் முறிந்த நாள்

செவ்வாய் இரவு. கொச்சியை விட்டு ஒன்பதாம் நாள்.

காலையில் எங்கள் பாய்மரப் படகின் சுக்கான் முறிந்து கடலோடு போய்விட்டது. கூட வந்த திருவெறும்பூர் ஆரோக்கியம் அண்ணன் பலகையைக் கட்டிப் பார்த்தார். அலை பிடுங்கி எறிந்தது.

"படகை விட்டுட்டு உதவி கேட்டுடலாம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஸ்ரீரங்கத்துத் தேருக்குச் சுக்கானா இருக்கிறது? வீதி முனையில் ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டால் அந்தப் பக்கம் திரும்புகிறது. இரண்டு வாளிகளைக் கயிற்றில் கட்டி வலப்பக்கம் இழுபட விட்டேன். படகு வலப்பக்கம் திரும்பியது!

"இதெல்லாம் எங்கேம்மா கத்துக்கிட்ட?"

"எங்க தெருவுலதான் அண்ணே."

வாளிகளை இடமும் வலமும் மாற்றி மாற்றி விட்டு, மதியத்திலிருந்து நேராகப் போகிறோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், மேல்தளத்தில் வாளிக் கயிற்றை இழுத்தபடி "ரங்கா! ரங்கா!" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.