நீ போடாத கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர, அதைப் பற்றி ஆரம்பித்தால் தனிக் கடிதம் ஆகிவிடும். உன் தம்பி வீடு மாற்றிவிட்டான், மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, அதனால் அம்மா ஒரு வாரமாக அவனோடு பேசவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீர்மூழ்கியில் கடல்தண்ணீர் போகிற குழாயின் ஒரு ஜாயிண்டை அலமாரி மறைக்கிறது, அதைக் கழற்றிக் காட்டாமல் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாய், கப்பல் எட்டு நாளாகக் கரையில் நிற்கிறது, மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கேன்டீனில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, திங்கட்கிழமை போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இந்தப் பிடிவாதம் எங்கேருந்து வந்ததுன்னு நான் கேக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிறு எங்கள் பழைய பட்டறை வாசலில், மூழ்கிப்போன அந்த நீர்மூழ்கிக் கப்பலுக்கு அஞ்சலி நடந்தது. முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. போர் இல்லை, எதிரி இல்லை, காற்றுகூட இல்லாத நாள், பழுதுபார்த்து முடித்த கப்பல் சோதனைக்கு முங்கியது, எழும்பவில்லை. ஐம்பத்தெட்டு மாலுமிகள், குழாய் பொருத்தும் எங்கள் பிட்டர்கள் நாலு பேர். கப்பல் சமையல்காரரின் மனைவி இந்த வருஷமும் வந்திருந்தார். சண்டையில போயிருந்தா பாடப்புத்தகத்துல வந்திருப்பார், இவர் வேலைக்குப் போனவர்தானே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மாலுமிகளைப் போல மனிதர்களை நான் பார்த்ததில்லை மகளே. இரண்டு பேருக்கு ஒரு படுக்கை, ஒருவன் எழுந்தால்தான் இன்னொருவன் படுக்கலாம், அந்தப் புழுக்கத்திலும் எண்ணெய் நாற்றத்திலும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்து நான் கேட்டதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வால்வு எங்கே என்று தொட்டுச் சொல்வார்கள். எங்கள் கைவேலையை நம்பித்தான் முங்குகிறார்கள், அது அவர்களுக்குத் தெரியும், ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

அந்தக் கேப்டனுக்கு ஒரு வழக்கம். வேலை சரியாக முடிந்ததா என்று கேட்கமாட்டார். குழாயைப் பொருத்தியவனிடம் வந்து, எங்ககூட வர்றீங்களா என்று மட்டும் கேட்பார். வர்றோம் என்று நாலு பேர் சொன்னார்கள், போனார்கள். அஞ்சாவதாக என்னைக் கேட்டார். என் பொறுப்பில் நாற்பது ஜாயிண்ட், முப்பத்தேழைத்தான் கண்ணால் பார்த்திருந்தேன், மற்ற மூன்றும் ஒரு பலகைக்குப் பின்னால், நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள், நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தேன். வீட்ல பிரசவ நேரம் சார் என்றேன். அவர் சிரித்து, கொழந்தை பொறந்ததும் எங்களுக்குச் சொல்லுங்க என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். நீ பிறக்க அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது.

எதனால் மூழ்கியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது. என்னுடைய மூன்றாக இல்லாமலும் இருக்கலாம். விசாரணையில் கேட்டபோதும் நாற்பதையும் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, தபாலில் சேர்க்கும் முன் அவளிடம் இதைப் படித்துக் காட்டப்போகிறேன்.

கையெழுத்துப் போடாதே. தனியாக உட்கார்ந்தாலும் சாப்பாடு தொண்டையில் இறங்கும், எனக்குத்தான் அஞ்சலிக்குப் போய்வந்த நாட்களில் இறங்குவதில்லை. நான் செய்யாததை நீ செய்திருக்கிறாய், அந்தக் கப்பல்காரர்கள் இருந்தால் உன்னை எழுந்து நின்று வரவேற்பார்கள். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, திங்கட்கிழமையும் மேலாளர் வற்புறுத்தினால் இந்தக் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடு. யார் எழுதியது என்று கேட்டால், என் அப்பா என்று சொல்லத் தயங்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா