எண்பது கிலோ டேப் மெஷின்

மார்ச் 8
தங்கச்சி மகள் தன் நடனத்துக்கு இசை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை தேர்வு. தேறினால் நடனக் குழுவில் நிரந்தர இடம். பாட்டின் நடுவே எட்டு வினாடி முழு மௌனம் வேண்டுமாம், அப்போது அவள் அசையாமல் நிற்பாளாம். என்னால் முடியாதா? இந்த ஊரில் கம்ப்யூட்டரில் இசை போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் யார் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 9
இணையத்தில் இலவசமாக ஒரு பிளகின் கிடைத்தது, ஒலியை மெருகேற்றும் குட்டி மென்பொருள். திரையில் அந்தக் காலத்து டேப் மெஷின், இரண்டு சக்கரமும் சுற்றுகிறது. சப்பென்றிருந்த டிரம் ஒலிக்கு உடனே சதை பிடித்துவிட்டது. ஒரு டிராக்குக்கே இப்படியென்றால்? பாட்டிலிருந்த பதினொரு டிராக்குக்கும் போட்டேன்.
சவுண்டு கனமாக இருக்கிறதே என்றாள் தங்கச்சி. நிஜ டேப் மெஷினே வாங்கிவிட்டேன் என்றேன். நாற்பது கிலோ.

மார்ச் 10
எண்பது கிலோ. நேற்று சரியாக நிறுக்கவில்லை. மூன்றாவது மாடிக்குத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றும் தாயிடமும் மகளிடமும் சொல்லிவைத்தேன்.

மார்ச் 12
ஒத்திகை. என் அறையில் கேட்காதது அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கரில் கேட்டது. மௌனம் வந்ததும் உஸ்ஸென்று ஒரே இரைச்சல்.
"நான் நின்னுட்டேன் மாமா. உங்க பாட்டு நிக்கலையே."
பழைய மெஷின், அப்படித்தான் சீறும் என்று சமாளித்தேன். அப்படியானால் அதை நம்பி மேடையேற முடியாது, வேறு பாட்டு தேடிக்கொள்கிறேன் என்றாள். இரண்டு நாளில் எங்கே தேடுவாள்?

மார்ச் 13
டேப்பின் இரைச்சலையும் சேர்த்தே பிளகினில் வைத்திருக்கிறார்கள், பாவிகள். ஒன்றில் தெரியாது. பதினொன்றும் சேர்ந்து சீறுகின்றன. அதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது, பூஜ்யத்துக்குத் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் இதை எப்படிச் சொல்வது? புது மெஷின் வாங்கினேன் என்று... நூறு கிலோ? சே. புள்ள முகம் வாடிப்போய் நிக்குது, நான் எடை போட்டுக்கிட்டு இருக்கேன்.
தங்கச்சி மகளுக்கே போன் செய்து சொல்லிவிட்டேன். மெஷினே கிடையாது, எல்லாம் இலவசம், குமிழைத் திருப்பியாச்சு.
அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்த இடுப்பு வலி?"
"அது நெசம்தாம்மா. நாற்காலி சரியில்ல."

மார்ச் 14
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் நின்றாள். முன்னால் யாரோ பையின் ஜிப்பை இழுக்க ஆரம்பித்து, பாதியிலேயே கையை எடுத்துக்கொண்டார்கள். எட்டு வினாடி.
இடம் கிடைத்துவிட்டது.
வெளியே நடன மாஸ்டர் என்ன மெஷின் என்று கேட்டார். இலவசப் பிளகின், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஆனால் அந்த மௌனம், அதைப் போட ஒருத்தன் பிறந்து வரணும் என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் தங்கச்சி மகள் நின்றாள். சொல்லவில்லை.
இங்கே எழுதிக்கொள்கிறேன்.