பெரட்டில் சொன்ன பொய்

தேவமாதா காவல்

பாலோ பக்கத்துத் தோட்டம்,
ஆகஸ்டு மாதம், 1943.
(ஜப்பான்காரர் கணக்கில் 2603 என்று போடச் சொல்லி உத்தரவு. என் ஞானஸ்நானச் சீட்டில் சாமியார் எழுதிய கணக்குத்தான் எனக்குக் கணக்கு.)

அன்பு மகள் டொரத்திக்குப் பெரியம்மா ராசம்மா எழுதுவது.

நம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி விசுவலிங்கம், நீ நர்சு பரீட்சையில் தவறிவிட்டாய் என்று திங்கட்கிழமை காலைப் பெரட்டு வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். நீ தேறியது அவருக்குத் தெரியும். தெரிந்தே சொன்னார். இது அநியாயம். இதை எழுதாமல் நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது விசாரிக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? போன மாதம் வந்த காய்ச்சல் முழுதாக விட்டதா? மரவள்ளிக் கிழங்கையே மூன்று வேளையும் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதுதான். கொஞ்சம் மிளகாயும் உப்பும் அரைத்து வைத்துக்கொள், இறங்கும். பக்கத்து வீட்டு ரபேலிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்திருக்கிறேன். அவன் வழியில் தின்னாமல் கொண்டுவந்தால் உன் பாக்கியம்.

ரபேல் இப்போது சரக்கு ரயிலில் கார்டாகப் போகிறான். தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஜொகூர் பாருவில் புதிதாகத் தேறியவர்களுக்கு வார்டில் இடமில்லை, சயாமுக்குப் போகும் கோஷ்டியில் மட்டும் நர்சு வேண்டுமாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும் என்று ஐலீன் சிஸ்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதுவரை சரி. அதன் கீழே, தாளின் ஓரத்தில், எறும்பு மாதிரி சின்ன எழுத்தில், அந்தக் கோஷ்டியோடு போனால் பெரியப்பாவைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சின்னதாக எழுதினால் எனக்குத் தெரியாதா? கருவாடு சுற்றிவந்த பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். எவ்வளவு பொடி எழுத்தும் படிப்பேன்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் சிவசம்பு போனதிலிருந்து ஆள் இல்லை. புண்ணுக்குக் கட்டுப்போடக்கூட ஆள் கிடையாது. நீ தேறிவிட்டாய் என்று தெரிந்த அன்றே கிராணியிடம் போய், அந்த இடத்தை என் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். மறு வாரம் கேட்டேன். பார்ப்போம் என்றார். பிறகு என்னைக் கண்டாலே குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போக ஆரம்பித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

நீ எட்டு வயதிலேயே கன்னியர் மடத்துக்குப் போய்விட்டவள். பெரட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்கும். விடியும்போது எல்லாரையும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள் அல்லவா? வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில், யார் மேலாவது பிராது இருந்தால் துரை நிற்கும்போது பெரட்டில்தான் சொல்வோம். ஆபீசுக்குள்ளே போய்ச் சொன்னால் கிராணி அமுக்கிவிடுவார். பெரட்டில் சொன்னால் துரை காதில் விழும், கிராணி பதில் சொல்லியே ஆகவேண்டும். உன் பெரியப்பாவுக்குப் பால் வெட்ட நல்ல மரமுள்ள மலை வாங்கினதும் அப்படித்தான்.

திங்கட்கிழமை ஜப்பான்கார அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து பெரட்டில் நின்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? எல்லாரும் குனிந்து நிமிர்ந்ததும் நான் வரிசையை விட்டு முன்னால் போனேன். என் தங்கச்சி மகள் ஜொகூரில் நர்சு படிச்சுத் தேறினவ, இங்க ஆஸ்பத்திரி காலியாக் கிடக்கு, கிராணி ஐயா ஏன் அவளுக்கு வேலை தரமாட்டேங்கிறாரு, கேளுங்க என்று சொன்னேன். குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர் சட்டென்று திரும்பி, எங்கே அந்த நர்சு என்று கேட்டார். கிராணி முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் சிரித்தார். சிரித்துக்கொண்டே, இவவின்ர கதையைக் கேட்காதேங்கோ, அந்தப் பிள்ளை சோதினையில தவறிப்போட்டுது, சட்டி கழுவத்தான் அங்க வைச்சிருக்கினம் என்றார். மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார். பொய் என்று நான் கத்தினேன். வாய்க்கொழுப்பு என்று சொல்லி எனக்கு அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார் கிராணி. அரை நாள் கூலி போனது எனக்குப் பெரிதில்லை. மலைக்குப் போகும் வழியெல்லாம் கருப்பாயி விடவில்லை. என்னடி ராசம்மா, நர்சு நர்சுன்னு லயமே அதிரக் கத்துனியே, கடைசில உங்க வீட்டு நர்சு பீச்சட்டி கழுவுறவளா என்று கேட்டாள். பால்கத்தி கையில் இருந்தது. ஆண்டவர்தான் தடுத்தார்.

சாயந்தரம் கிராணி வீட்டுக்கு நேராகப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். அவர் பெண்சாதி யோகம் அம்மா பின்கட்டில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, உள்ளே வாரும் என்று கையைப் பிடித்து இழுத்தார். ராசம்மா, உமக்கு வாயெண்டா வாய், இண்டைக்கு உம்மட பிள்ளையை நீரே லொறியில ஏத்தப் பார்த்தீர் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னார். அந்த அதிகாரி வந்தது ரப்பர் பார்க்க இல்லையாம். சயாமில் தண்டவாளம் போடுகிற இடத்தில் ஆட்கள் காய்ச்சலிலும் பேதியிலும் விழுகிறார்களாம். அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் மருத்துவம் தெரிந்தவர்கள் யார் என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்களாம். சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நர்சம்மாவை அப்படியே கட்டின துணியோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

சிவசம்பு யார் தெரியுமா? யோகம் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஜப்பான்காரர்கள் முதல் தடவை வந்து கேட்டபோது கிராணிதான் அவன் பேரைக் கொடுத்தாராம். பெரிய உத்தியோகம், நல்ல சாப்பாடு என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். அவன் போய் எட்டு மாதமாகிறது. அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. யோகம் அம்மா இதைச் சொல்லும்போது சீவின கிழங்கையே திரும்பச் சீவிக்கொண்டிருந்தார். அவர் என்னோட பேசுறவர், ஆனா என்ர முகத்தைப் பார்த்துப் பேசுறதில்லை என்றார்.

கிராணி அடுத்த அறையில்தான் இருந்தார். நாற்காலி கிரீச்சிட்டது கேட்டது. வெளியே வரவில்லை. அவர் காதில் விழட்டும் என்று நான் உரக்கவே சொன்னேன்: ஐயா, நீங்க என் பிள்ளையைக் காப்பாத்தினீங்க, அதுக்கு நான் கும்பிடுறேன். ஆனா அவ தேறாதவன்னு சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன், அதை நீங்கதான் திருத்தணும். உள்ளே நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. பிறகு, ஆயாக் கொட்டகையில ஒரு இடம் இருக்கு, அவளை ஆயாவாப் பதியலாம், நர்செண்டு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது, முக்கியமா நீர் என்று பதில் வந்தது.

மகளே, இதுதான் உன் முதல் வேலை. பால்வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற கொட்டகையில் ஆயா. வெள்ளை உடுப்பு இல்லை, தொப்பி இல்லை. சாக்குத் துணிதான். நீ தொப்பி வைத்துக்கொண்டு லயத்து வீட்டு வரிசை வழியே நடந்து வருவதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. அதனால் இந்த வரியை எழுத எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

ஆனால் நேற்று அந்தக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காளியம்மா கிழவிக்குக் கண் மங்கிவிட்டது. தூளியில் கிடக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் மேல் சுடுகிறது. கால்களில் சொறிப்புண், ஈ மொய்க்கிறது. கருப்பாயியின் கடைக்குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. வாயாடுகிற கருப்பாயி அதைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் நின்றாள். நீ எழுதுவாயே, தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும், புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று. இங்கே அதைச் செய்ய ஒருவரும் இல்லை. ஆயா என்று பேர் போட்டால் கை மறந்துவிடுமா என்ன?

இனி உன் பெரியப்பா விஷயம். மரியநாதன் என்கிற மனுசனை நான்தான் கட்டிக்கொண்டேன். அவரைத் தேடுவது என் வேலை, உன் வேலை இல்லை. மூன்று மாதம் தண்டவாள வேலை என்று சொல்லிச் சயாமுக்குக் கூட்டிப்போனார்கள். கூடப்போன சதாசிவம் மட்டும் திரும்பி வந்திருக்கிறான். எலும்பும் தோலுமாக, கால் ஒன்று அழுகி. அவனிடம் போய்க் கேட்டேன். ஆற்றோரம் ஒரு கூடாரத்தில் அண்ணனைப் படுக்கவைத்திருந்தாங்க, நான் வரும்போது மூச்சு இருந்துச்சுக்கா என்றான். எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. உன் பெரியப்பா எதையும் மெதுவாகச் செய்கிறவர். மெதுவாகவே வரட்டும்.

சதாசிவம் இன்னொன்றும் சொன்னான். அங்கே வைத்தியம் பார்க்கப் போனவர்கள்தான் முதலில் விழுகிறார்களாம். நீ போனால் அவரைத் தேட உனக்கு நேரம் இருக்காது, டொரத்தி. உன்னைத் தேட இன்னொருவர் வேண்டியிருக்கும். எனக்கு வயதாகிவிட்டது. இரண்டு பேரை என்னால் தேட முடியாது.

ஆகையால் இனி ஆகவேண்டியது இது. இதில் மாற்றமில்லை.

ஐலீன் சிஸ்டர் உன் பேரைச் சயாம் கோஷ்டியில் எழுதாமல் இருக்கவேண்டும். பெரியம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், பார்க்க ஆள் இல்லை என்று அவரிடம் சொல். பொய் என்று நினைக்காதே. உன் கடிதம் வந்ததிலிருந்து நான் நிற்கிறது நிலையாக இல்லை.

தொப்பியையும் உடுப்பையும் தேறின சீட்டையும் மடத்துக் கன்னியர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நீ அவற்றில் ஒன்றையும் கையில் கொண்டுவரக் கூடாது.

ரபேல் அடுத்த வாரம் உன்னைத் தன் தங்கச்சி என்று சொல்லிப் பாலோவரை கூட்டிவர வேண்டும். ரயிலில் பேச்சுக் கொடுக்கிறவர்களிடம் அவனே பேசட்டும்.

யோகம் அம்மா பழைய புடவை ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொட்டகைக்கு அதைக் கிழித்துக் கட்டுத் துணி செய்யவேண்டும். கருப்பாயி விறகும் தண்ணீரும் கொண்டுவர வேண்டும். கேட்டுவிட்டேன், தலையாட்டினாள்.

பெரிய கிராணி, இந்த ஜப்பான் சண்டை முடிந்து நல்ல காலம் வந்த அன்று, அதே பெரட்டில் நின்று, டொரத்தி தேறின நர்சு என்று வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும். அதுவரை அவருக்கு நான் வணக்கம் சொல்வேன், சிரிக்க மாட்டேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். இருப்பேன்.

நீ வரவேண்டும். உன் பெரியப்பா என்றைக்கு வந்து கதவைத் தட்டினாலும், யாரு என்று உள்ளேயிருந்து இரண்டு குரல் கேட்கவேண்டும். ஒரு குரல் போதாது அம்மா.

ஆண்டவர் உன் கைகளைக் காப்பாராக.

உன் பெரியம்மா,
ராசம்மா