அசையாத முகத்துக்கு அவள் படித்த பக்கம்

என்னங்க,

நான் நலம். உங்கள் முதுகுப் பிடிப்பு விட்டதா? போனில் சொன்னால் சின்னவள் காதில் விழுந்துவிடும், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது இணைப்பு போய்விட்டது. அங்கே என் முகம் மட்டும் திரையில் அசையாமல் நின்றதாம். அவள் திணறினாலே எடுத்துக்கொடுப்பேனே, அதற்கு வழியில்லை. அம்மா காத்திருக்கிறாள் என்று நினைத்து, எழுத்துக்கூட்டி முழுப் பக்கத்தையும் தானே படித்துவிட்டாளாம்.

இணைப்பு வந்ததும், "இன்னிக்குத்தாம்மா நீ குறுக்க பேசாம கேட்ட!" என்றாள்.

"ஆமாண்டி, எல்லாத்தையும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லைங்க.

இனி அவள் திணறினால் நீங்களும் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கவைத்து, அவளுக்குத் தெரியாமல் பதிவுசெய்து அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அவள் திணறும் இடத்தை வெட்டிவிடாதீர்கள், எனக்கு அதுவும் வேண்டும்.

உங்கள்
வாயாடி